சவரம் செய்த முகத்தோடு மலைக்குப் போனேன்

மாலை போட்டவர்களுக்கும் போடப் போகிறவர்களுக்கும் மட்டாஞ்சேரி முருகேசனின் வணக்கம். ஏலூரில் கேஸ் கசிந்த அன்று ஐயப்பன் என்னை எப்படிக் காப்பாற்றினான் என்று நம் பஜனை சங்கத்து மலருக்கு எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இடத்திலிருந்து தொடங்க மாட்டேன். என் மச்சினன் சங்கர் செத்ததிலிருந்துதான் தொடங்குவேன். அவனை விட்டுவிட்டு எழுதினால் அது சாட்சி இல்லை, விளம்பரம்.

சங்கர் என் மனைவி செல்வியின் தம்பி. அவர்களுடைய அம்மா இறந்தபோது அவன் கைக்குழந்தை. செல்விதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். கல்யாணமாகி அவளைத் தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு அழைத்து வந்தபோது அவள் ஒரு கையில் பெட்டி, மறு கையில் இவன். எனக்கு அப்போது கொஞ்சம் கடுப்புதான். பிறகு அவன் இல்லாமல் எனக்குச் சாயா இறங்காது என்று ஆகிவிட்டது.

வளர்ந்ததும் நான் வேலை பார்க்கிற காண்ட்ராக்டரிடமே அவனும் சேர்ந்தான். கொச்சியை ஒட்டிய ஏலூர் கம்பெனிகளில் அவ்வப்போது மெஷினை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். குழாயைக் கழற்றுவது, கழுவுவது, திரும்பப் பூட்டுவது எங்கள் வேலை. அந்தக் குழாய்களில் அம்மோனியா ஓடும். நிறுத்திய பிறகும் எங்காவது வளைவில் கொஞ்சம் தங்கியிருக்கும். மூச்சில் ஏறினால் நெஞ்சு வெந்து போகும். அதனால் முகம் முழுக்க மூடுகிற ரப்பர் மாஸ்க் கொடுப்பார்கள்.

இரண்டு கார்த்திகைக்கு முன்னால் சங்கர் கன்னிச்சாமியாக முதல் தடவை மாலை போட்டான். எதற்காக என்று கேட்டேன்.

"நாம ரெண்டு பேரும் என்னிக்கும் முழுசா வீடு சேரணும் அத்தான். அக்காவுக்கு நம்மள விட்டா வேற ஆரு உண்டு? அதான் வேண்டிக்கிட்டேன்" என்றான்.

விரதத்தில் சவரம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு நாளில் அவனுக்கு நல்ல கறுகறுவென்று தாடி வந்தது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் சரியாக ஒட்டாது என்று எங்கள் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். அதற்கு எங்களிடம் ஒரு வைத்தியமும் உண்டு. தாடியில் வாசலினைக் கட்டியாக அப்பி, அதன் மேல் மாஸ்க்கை வைத்து வாரை இறுக்குவோம். மண்டல விரத காலத்தில் சூப்பர்வைசர் பிஜு சேட்டனே டப்பாவை நீட்டுவார். "சாமிமாரே, நல்லோணம் தேச்சோ. ஒண்ணும் வராது" என்பார். வருஷக்கணக்காக ஒன்றும் வரவில்லைதான். கேஸ் வந்திருந்தால் அல்லவா தெரியும்.

அந்த வருஷம் வந்தது. எனக்கு வேறு ஷெட்டில் வேலை. ஆள் ஓடி வந்து சொல்லி நான் போய்ச் சேர்ந்தபோது சங்கரைத் தரையில் படுக்க வைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே குழாயில் கூட இருந்தவர்கள் இருமிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். இவன் மட்டும் பாதி ஏணியில் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்திருக்கிறான். மாஸ்க்கைக் கழற்றியது தொழிலாளியின் தப்பு என்று முடித்துவிட்டார்கள். மாஸ்க்குக்குள்ளேயே நெருப்பு இருந்தால் எவன் கழற்றாமல் இருப்பான்? அதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். கழுத்தில் கிடந்த மாலையை நர்ஸ் கழற்றி என் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றேன்.

காரியம் முடிவதற்குள் நம் சங்கத்து மடத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அது உங்களுக்கும் தெரியும். நீங்களெல்லாம் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

விரத வீட்டில் பெண்கள் தீட்டு நாட்களில் ஒதுங்கி இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். வசதி உள்ளவர்கள் வேறு வீட்டுக்குப் போவார்கள். எங்களுக்கு ஒரு அறை, ஒரு அடுக்களை. அந்தச் சமயம் பார்த்து என் மகள் மீனாவுக்குக் கடும் காய்ச்சல். செல்வி எங்கே போவாள்? சங்கரே சொன்னான், "நீ கஞ்சி வையி அக்கா. கொச்சுக்குச் சுடுது. ஐயப்பன் ஒண்ணும் சொல்ல மாட்டான்." அவள் கஞ்சி வைத்தாள். அவனும் குடித்தான். இது பக்கத்து வீட்டுக்குத் தெரிந்து, பக்கத்து வீட்டிலிருந்து மடத்துக்குத் தெரிந்தது.

விரதம் கெட்டது, அதனால்தான் பிள்ளை போனான், அக்காக்காரியே தம்பிக்கு எமன் ஆனாள் என்று பேசினீர்கள். முதலில் சொன்னவர் பெயரை எழுத மாட்டேன். படிக்கும்போது அவருக்கே தெரியும். மற்றவர்கள் தலையாட்டினீர்கள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. செல்வி எனக்குச் சோறு போடுவதை நிறுத்தினாள். பாத்திரத்தை வைத்துவிட்டு விலகிப் போவாள், நானே போட்டுக்கொள்ள வேண்டும். என் வேலைச் சட்டையைத் தொட மாட்டாள். நான் தோளைத் தொட்டால் சுவரோடு ஒடுங்குவாள். "நான் வச்ச கஞ்சிதானே அவனக் கொன்னுச்சு. உங்களயும் கொல்லணுமா?" என்பாள். இல்லை என்று சொல்வேன். எதனால் இல்லை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவளுக்கு எலும்பு தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் படகு ஜெட்டிப் பக்கம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றவளை ஒரு மீன்காரச் சேச்சி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டுப் போனார். அன்றைக்குத்தான் தம்பி போன வழியில் அக்காவும் போகப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

மீனாவும் என்னிடம் ஒட்டாமல் ஆனாள். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் என் சாப்பாட்டுத் தூக்கைப் பிடுங்கித் திறந்து பார்ப்பாள், கேண்டீன் பழம்பொரி பஜ்ஜி இருக்கிறதா என்று. இப்போது நான் உள்ளே வந்தால் அவள் வெளியே போனாள். அம்மாவைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் மாலை போட்டேன். செல்வி வேண்டாம் என்று அழுதாள். நான் கேட்கவில்லை. மாலை கழுத்தில் விழும்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டினேன். "ஐயப்பா, சங்கர் உன்னை நம்பித்தான் வந்தான். அவன் செத்தது அவள் குற்றமா? ஆமாம் என்றால் என்னை எடுத்துக்கொள், அவளை விடு. இல்லை என்றால் அவள் காதில் விழுகிற மாதிரி சொல்லு." தினமும் காலையில் குளித்துவிட்டு இதையே கேட்டேன். மரியாதையாகக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். சில நாள் சண்டையே போட்டேன்.

தாடி வளர்ந்தது. அதோடுதான் வேலைக்கும் போனேன். வழக்கம் போல வாசலின்.

அந்தச் சமயம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு சேஃப்டி மேடம் வந்தார். சின்ன வயதுதான். கோட்டயத்துக்காரர் என்று சொன்னார்கள். வந்த வாரமே எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். யாருக்கு மாஸ்க் ஒட்டுகிறது, யாருக்கு ஒட்டவில்லை என்று பார்க்கப் போகிறாராம்.

விரதத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பிஜு சேட்டன் குறுக்கே வந்தார். "இவங்க சாமிமாராக்கும் மேடம். விரதம் முடக்கண்டா. வாசலின் தேச்சா மதி."

"மதியோ இல்லையோன்னு நோக்காம் சேட்டா" என்றார் மேடம், சிரிக்காமல். போதுமா போதாதா என்று பார்த்துவிடலாம் என்று அர்த்தம்.

என்னைத்தான் முதலில் உட்கார வைத்தார். தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, அதில் உள்ள ஓட்டை வழியாக ஏதோ மருந்தைப் புகையாக அடித்தார். நாக்கில் பட்டதும் குமட்டியது. அப்படி ஒரு கசப்பு. ஆளுக்கு ஒன்றும் செய்யாது, கசக்க மட்டும்தான் செய்யும் என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொன்னார். பிறகு தாடியில் வாசலின் அப்பி, மாஸ்க்கை மாட்டி, திரும்பவும் உறையைப் போட்டார். மாஸ்க் ஒட்டியிருந்தால் கசப்பு உள்ளே வராது. தலையை ஆட்டு, திரும்பு, நிறுத்தாமல் ஏதாவது பேசு என்றார். நிறுத்தாமல் பேச எனக்குத் தெரிந்தது சரணம் ஒன்றுதான். கன்னிமூல கணபதியில் தொடங்கினேன். இரண்டாவது சரணம் சொல்வதற்குள் வாய் முழுக்கக் கசப்பு.

எனக்குப் பின்னால் உட்கார்ந்த மாலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கசந்தது. சவரம் செய்தவர்களுக்குக் கசக்கவில்லை. ஒருவன் கிறிஸ்தவன், ஒருவன் துலுக்கப் பையன், இரண்டு பேர் வங்காளத்துக்காரர்கள். அவர்கள் வீட்டில் யார் எந்த நாளில் கஞ்சி வைத்தார்கள் என்று அந்த மருந்து கேட்கவில்லை.

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். நாக்கில் கசப்பு போகவில்லை. சங்கர் ஏணியில் நின்றது கண்ணில் வந்தது. அவன் வாய்க்குள் வந்தது கசப்பு மருந்து இல்லை. ஒரு வருஷமாக என்னைக் குடைந்த கேள்விக்கு யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. பிஜு சேட்டன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கேண்டீன்காரரிடம் ரேசர் வாங்கினேன். கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். மாலை கழுத்தில் கிடக்கிறது, கையில் கத்தி. பல வருஷமாக மலைக்குப் போகிறவன் நான். ஒரு விரதம் தப்பியதில்லை. கை வரவில்லை. அப்போது செல்வி படகு ஜெட்டியில் நின்றது ஞாபகம் வந்தது. நானும் சங்கர் மாதிரி போனால் ஊர் அவளை என்ன சொல்லும் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் சவரம் செய்துவிட்டேன். மாலையைக் கழற்றவில்லை.

மேடம் திரும்பவும் சோதித்தார். கன்னிமூல கணபதியில் தொடங்கி எனக்குத் தெரிந்த சரணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நாக்கில் ஒன்றும் இல்லை. என் மூச்சு எனக்கே சுத்தமாக வந்தது. நான் கண்ட சந்நிதி அந்தப் பிளாஸ்டிக் உறைதான். யார் சிரித்தாலும் சரி.

அன்று மேடத்திடம் கேட்டு ஒரு பழைய மாஸ்க்கை வீட்டுக்கு வாங்கி வந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் செல்வி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது! மாலை கழுத்துல கிடக்கும்போ முகத்துல கத்தி வச்சிட்டீங்களே! இனி உங்களயும் கொண்டு போவானே!"

நான் அவளை உட்கார வைத்து மாஸ்க்கை அவள் முகத்தில் மாட்டினேன். காற்று வருகிற வாயை உள்ளங்கையால் பொத்தி, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். ரப்பர் அவள் முகத்தோடு ஒட்டிக்கொண்டது, காற்று வரவில்லை. பிறகு அவள் தலைமுடியில் ஒரு கற்றையை எடுத்து ரப்பர் விளிம்புக்கு அடியில் கொடுத்து, வாரை இன்னும் இறுக்கி, திரும்ப இழுக்கச் சொன்னேன். இழுத்தாள். ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.

"இதான் செல்வி அவனக் கொன்னது. அவன் தாடி. உன் கஞ்சி இல்ல."

அவள் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம். பிறகு மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "என் ராசா, எத்தர மூச்சு இழுத்தியோ" என்று கதறினாள். தம்பி செத்ததற்கு அவள் அழுதது அன்றைக்குத்தான். அதுவரை அவள் தன் குற்றத்துக்கு அல்லவா அழுதுகொண்டிருந்தாள்.

வாசற்படியில் நின்ற மீனா அப்போதுதான் உள்ளே வந்தாள். என் பக்கத்தில் வராமல் எட்டியே நின்று கேட்டாள்.

"அப்பா, அப்ப எனக்கு வந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஓணத்துக்கு முன்னாலேயே என் மகள் வயதுக்கு வந்திருக்கிறாள். பெற்ற தாயிடம் கூடச் சொல்லவில்லை. ஸ்கூலில் ஒரு டீச்சரிடம் துணி வாங்கி, யாருக்கும் தெரியாமல் துவைத்து, நான் வீட்டுக்குள் வந்தால் வெளியே போய், தன் மூச்சு என் மேல் படாமல் இருந்திருக்கிறாள். நான் மாலை போட்ட பிறகு இன்னும் பயம். அப்பா ஏலூரில் சாகாமல் இருக்க அந்தப் பிள்ளை செய்த காவல் அது. எந்தக் கம்பெனியிலும் எனக்கு அப்படி ஒரு சேஃப்டி கிடைத்ததில்லை. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். செல்வி அன்று எனக்கும் அவளுக்கும் தன் கையால் சோறு பரிமாறினாள்.

மறுநாள் நம் சங்கத்து குருசாமியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மாலையைக் கழற்றிவிடு, இந்த வருஷம் உனக்கு இருமுடி கட்ட மாட்டேன் என்றார். அவர் என்னை விட மூத்தவர், வாதாடவில்லை. ஏலூர்ப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில் பூசாரி ஒருவர் என் முகத்தையும் பார்த்தார், மாலையையும் பார்த்தார். "எங்கே வேலை?" என்று கேட்டார். சொன்னேன். வேறொன்றும் கேட்காமல் கட்டிக் கொடுத்தார். சவரம் செய்த முகத்தோடு மலைக்குப் போனேன். வழியில் ஒரு சிலர் முறைத்தார்கள். படி ஏறும்போது யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை.

சந்நிதியில் நன்றி சொன்னேன். மனதாரச் சொன்னேன். கூடவே, "ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றும் கேட்டேன். சங்கர் கேட்டதும் வேண்டுதல்தானே. இரண்டு பேரும் முழுசா வீடு சேரணும் என்றுதானே கேட்டான். அதில் பாதியை ஏன் விட்டாய் என்று கேட்டேன். அதற்கு இதுவரை பதில் வரவில்லை. வரும் என்று பொய் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

மலையிலிருந்து வந்த கொஞ்ச நாளில் ஏலூரில் மறுபடி கேஸ் கசிந்தது. அதைத்தான் நீங்கள் அற்புதம் என்று எழுதச் சொன்னீர்கள். எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. குழாய் மூட்டில் வெள்ளையாகப் புகை பீறிட்டது. நான் அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். மாஸ்க் இருந்தது, தாடி இல்லை. ஏணியில் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து நிதானமாக இறங்கி, காற்று வரும் பக்கம் நடந்து போய்க் கழற்றினேன். ஒரு இருமல் கூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஐயப்பன் என்னைக் காப்பாற்றியது அன்றைக்கு இல்லை. கேண்டீன் ரேசரைக் கையில் கொடுத்த அன்றைக்கே காப்பாற்றிவிட்டான்.

இப்போது விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மீனா என் கன்னத்தில் புறங்கையை வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். சொரசொரப்பாக இருந்தால் திரும்பப் போகச் சொல்வாள். எந்த நாளிலும் சொல்வாள், அந்த நாட்களிலும் சொல்வாள். எங்கள் பிரிவில் மாலை போடுகிறவர்கள் இப்போது சவரம் செய்தே விரதம் இருக்கிறார்கள். பிஜு சேட்டன் டப்பா நீட்டுவதில்லை.

வருகிற மண்டலத்துக்கு மாலை போடப் போகிற சாமிமாரே, ஏலூருக்கும் கப்பல் வேலைக்கும் தொட்டி கழுவவும் போகிறவர்களே, ஐயப்பனை நம்புங்கள். நானும் நம்புகிறேன். நம்பிக்கொண்டே முகத்தை வழித்துக்கொள்ளுங்கள். அவன் நம் தாடியைப் பார்த்துக் கணக்கு வைப்பவன் இல்லை. உங்கள் வீட்டில் ஒரு பெண் இருப்பாள், அம்மாவோ மனைவியோ அக்காவோ மகளோ. நீங்கள் முழுசாகத் திரும்பி வராவிட்டால் ஊர் முதலில் அவளைத்தான் கேட்கும். அவள் மேல் கொஞ்சம் பாசம் இருந்தால் பத்திரமாக வீடு வந்து சேருங்கள்.

என் வேண்டுதலுக்கு ஐயப்பன் பதில் சொல்லிவிட்டான். செல்வி குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டான். நம் சங்கத்திலிருந்து அதை அவளிடம் சொல்ல இன்றுவரை ஒருவரும் வரவில்லை. பகலில் அவள் வீட்டில்தான் இருக்கிறாள். தம்பியைக் கொன்றவள் என்று சொல்ல எங்கள் சந்துக்கு வழி தெரிந்தவர்களுக்கு இதற்கும் வழி தெரியும்.